ஆஸ்பத்திரிப் பஞ்சு வைத்த பேடு

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லின் மேனேஜருக்கு ஹாக்கியைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பந்து எங்கள் கோலுக்குள் போனால் குற்றவாளி நான். பதினொரு பேர் ஆடுகிறோம் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதற்காக அவரை முட்டாள் என்று சொல்லமாட்டேன். முட்டாளுக்குத் தன்மேல் எப்போதாவது சந்தேகம் வரும்.

எண்பதுகளின் நடுவில் மில் அணிக்குக் கோல்கீப்பராக என்னை எடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போவேன். பந்தை மறிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். ஆனால் ரிஜிஸ்டரில் நான் பதிலி. நிரந்தரத் தொழிலாளி லீவு போட்டால் அவன் இடத்தில் நிற்பவன் என்று அர்த்தம். 'அடுத்த வருஷம் பெர்மனென்ட்' என்று மேனேஜர் மூன்று வருஷம் சொன்னார். நானும் இலவு காத்த கிளியாக இருந்தேன்.

வன்னியம்பட்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியவர், நறுக்கென்று பேசுவார். "மாப்பிள்ளை மேல ஒரு கொறையும் இல்ல. பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், பொறவு தாம்பூலம் மாத்துவோம்" என்றார். அந்தப் பெண்ணை நான் இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அதற்குள் எனக்கு முடிவாகிவிட்டது.

அந்த வருஷம் எங்கள் மைதானத்திலேயே போட்டி நடந்து, நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். "ஜெயிச்சா மறுநாளே ஆர்டருலே" என்றார் மேனேஜர். பந்தை மறிக்க நான் காலில் கட்டும் பேடு கிழிந்து தொங்கியது. வெளியூரிலிருந்து புதிது வரவழைக்கச் சொன்னேன்.

"ஏலே, பஞ்சு ஊருல இருந்துக்கிட்டு பஞ்சு வச்ச சாமான வெளியூர்ல வாங்கவா? ஊரு சிரிக்காது?"

கித்தானும் பிரம்பும் வாங்கிக் கொடுத்துத் தைக்கச் சொன்னார். உள்ளே இலவம்பஞ்சு வைக்கலாம் என்றேன். முகத்தைச் சுளித்தார். காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும் எங்கள் பக்கத்திலிருந்துதான் எங்கெங்கோ போகிறது. அதில் முதல் தரமாக, நன்றாக வெளுத்த ஆஸ்பத்திரிப் பஞ்சை மூட்டையாக இறக்கினார். "பாரு, எம்புட்டு வெள்ள! டாக்டரு வைக்கிற பஞ்சுலே" என்று பூரித்தார். ஈரத்தை உறிஞ்சுவதுதான் அந்தப் பஞ்சின் வேலை. பஞ்சிலேயே பிறந்து வளர்ந்த ஊரில் ஒருவருக்கும் அது அன்றைக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஆட்டத்தன்று பரிசு கொடுக்க வந்தவர் வெள்ளை வேட்டியில் வந்தார். அதில் தூசி படலாமா? மேனேஜர் டேங்கர் லாரியை விட்டுத் தண்ணீர் அடிக்கச் சொன்னார். அவர் உட்காரப் போட்ட பந்தல் என் கோலுக்கு நேர் பின்னால் இருந்ததால் அந்த இடத்தில் மட்டும் நாலு தடவை அடித்தார்கள்.

பத்து நிமிஷத்தில் பேடு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் ஒவ்வொரு காலிலும் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்ட கனம். இரண்டு பந்து என்னைத் தாண்டிப் போனது. எனக்கு முன்னால் நின்ற எங்கள் அணியின் செட்டியார்பட்டிக்காரன் கத்தினான்: "என்னலே, நட்டு வச்ச மாதிரி நிக்க?"

"காலு வர மாட்டேங்குலே!"

மூன்றாவது பந்தைக் காலால் மறிக்க முடியாது என்று தெரிந்து குனிந்தேன். அது வாயில் வந்து விழுந்தது. தலைக்கவசமெல்லாம் அப்போது எங்களுக்கு ஏது? முன்பல் இரண்டு மண்ணில் கிடந்தது. செட்டியார்பட்டிக்காரன் பேடின் மேல்பக்கம் நனையாத இடத்தைக் கிழித்து, பஞ்சைப் பிடுங்கி என் வாயில் அடைத்தான். ரத்தம் நின்றது. பந்தலிலிருந்து மேனேஜர் விருந்தாளியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "பாத்தீயளா, நம்ம பஞ்சு எப்படிப் பிடிக்கு!"

தோற்றோம். பேடு யார் யோசனை என்று மில் முதலாளி மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் மேனேஜர் மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று என் நிரந்தர ஆர்டர். இன்னொன்றில், பேடில் குறை இல்லை, என் கவனக்குறைவால்தான் தோற்றோம் என்று நான் சொல்வதுபோல டைப் அடித்திருந்தது.

"இதுல கையெழுத்துப் போடு, அத எடுத்துக்க."

வாய் வீங்கி எனக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன்? அவர் பேனாவையே வாங்கிப் போட்டேன். அந்த மாதமே தாம்பூலம் மாற்றினோம்.

கல்யாணமான புதிதில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

தொண்ணூறுகளில் மேனேஜர் ஓய்வு பெற்றார். குடும்பத்தோடு வரச் சொல்லி விழா வைத்தார்கள். மைக்கைப் பிடித்ததும் அந்த ஆட்டத்தைத்தான் எடுத்தார். "நம்ம கோல்கீப்பர் அன்னைக்குத் தூங்கிட்டான். எழுதியே குடுத்தான். ஆனாலும் பாவம்னு பெர்மனென்ட் பண்ணுனேன்!" கூட்டம் சிரித்துக் கைதட்டியது. வெட்கங்கெட்ட என் கையும் தட்டியது. பக்கத்தில் என் மனைவி கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது அவள் கேட்டாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது எனக்காகன்னு சரி. இன்னைக்குக் கை தட்டுனது யாருக்காக?"