அமிர்தவள்ளி பார்த்த சிவப்பு

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அமிர்தவள்ளி அக்காவின் வேலை ஜோடி சேர்ப்பது. இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். நான் கௌசர், அதே மேசைதான். எனக்கு இரண்டும் பிரவுன் என்று புரிவதற்குள், இது வேறு தோல் என்று அக்கா ஒன்றைத் தள்ளி வைத்திருப்பார். பதினெட்டு வருஷத்தில் அவர் சேர்த்த ஜோடி திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த கர்வமும் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. அக்கா காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறார். தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டது போல இருந்திருக்கிறது. கிழக்கே, சென்னையையும் தாண்டிக் கடல் பக்கம், எங்கேயோ பெய்த மழையின் மின்னல் மட்டும் சத்தமில்லாமல் பூத்துப் பூத்து அணைந்தது. பெரிதாக ஒன்று வெட்டியதும், மேகத்துக்கு வெகு உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், சிவப்பாக ஏதோ தொங்கியது. தலையும் கீழே சல்லி வேர்களுமாக, பிடுங்கிய கேரட் மாதிரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை. கணவர் பக்தவச்சலம் பக்கத்தில் நின்றும் பார்க்கவில்லை. மனுஷர் கீழே மின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோளாறு என்று முடித்துவிட்டார். வேறு யாராவது என்றால் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். அக்கா நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"சார், என் கண்ணுக்கு இல்லாத செவப்பு தெரியுது. ஜோடி சேர்க்க இனிமே என்ன நம்பாதீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவரை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். கண் டாக்டர் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார். இருட்டில் தெரிவதை வெளிச்சத்தில் உட்கார வைத்துச் சோதிக்கிறார்களே என்று அக்கா அதையும் நம்பவில்லை. தன் கண்ணைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு அவர் நூல் வெட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அக்கா மாடியை விடவில்லை. கண் கோளாறென்றால் கண்ட இடத்தில் தெரிய வேண்டும், இது மேகத்துக்கு மேலே மட்டும் தெரிகிறதே என்பார். மகள் எழுதி மிச்சம் வைத்த நோட்டில் தேதி, மணி, திசை எல்லாம் குறித்தார். கையை நீட்டி முஷ்டியால் உயரம் அளந்தார்: மேகம் ஒரு விரல், சிவப்பு இரண்டு முஷ்டி. நம் தலைமேல் மழை என்றால் தெரியாது, தூரத்து மழைக்குத்தான் தெரியும் என்பதை அவரே கண்டுபிடித்தார். சில நாள் நானும் போய் உட்காருவேன். இடியில்லாத அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூங்காமலே கனவு காண்கிற மாதிரி இருக்கும். எனக்கு ஒரு நாளும் சிவப்பு தெரிந்ததில்லை. தெரிந்தது என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இந்த வருஷம், கல்யாண வீடியோ எடுக்கும் என் தம்பி ஹஸனை இழுத்துக்கொண்டு போனேன். அக்கா முஷ்டியால் காட்டிய பக்கம் கேமராவைத் திருப்பி வைத்தான். எட்டு மணி வாக்கில் அக்கா "இப்போ" என்றார். நாங்கள் இருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. ஹஸன் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினான். ஒரே ஒரு படத்தில் இருந்தது. தலை, சல்லி வேர், எல்லாம். போனில் தேடி, இதற்கு ஸ்பிரைட் என்று பேர், இடிமேகத்துக்கெல்லாம் மேலே எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்தில் வரும் மின்சார வெளிச்சம், இதை ஆராய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று வாசித்தான். நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அக்கா அழவில்லை. கேமராவை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி, உன் கேமராவுல கலர் தப்பு. ஆரஞ்சு ஜாஸ்தியா இருக்குது. மேல இருந்தது இன்னும் ரோஸு."

மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சேர்த்து வைத்திருந்த ஜோடிகளை எடுத்துப் பார்த்து, மூன்றைப் பிரித்துப் போட்டார்.