இரண்டு மணி முதல் மூன்று மணி வரை

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் சரியாக இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு பச்சை டிக் வந்து விழுந்தது. போட்டவள் போன வருடம் மாற்றலாகி இங்கே வங்காளத்துக்கு வந்த ஒரு பெண். சங்கிலி ஜெபத்தில் அவளுக்கு இரண்டு முதல் மூன்று மணி. ஒரு மணி நேர ஜெபத்தை ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டாளாம்! கீழே பதினோரு பேர் ஆமென் வேறு. வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்தேன். சோபாவின் மேல்தான், தரையில் எறிய எனக்கு வசதி போதாது.

சங்கிலி ஜெபம் என்றால் இதுதான். வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் வீட்டிலிருந்தே தேசத்துக்காக ஜெபிக்க வேண்டும். முடித்தவர் அடுத்தவருக்குப் போன் அடித்து, "முடிச்சிட்டேன், இனி நீங்க" என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த இரண்டு முதல் மூன்று என்னுடையதாக இருந்தது. எனக்கு அடுத்தவள் ரோஸ் அக்கா.

இரண்டு மணி என்றாலே எனக்குக் கடுகெண்ணெய் வாசம்தான். பெஹாலாவில் எங்கள் கீழ்வீட்டில் மீன் பொரித்துச் சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்தி, தெருவே உறங்கும் நேரம் அது. சோறு தின்றபின் வரும் அந்தத் தூக்கத்துக்கு வங்காளிகள் பாத்கூம் என்று தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். விவரமானவர்கள். ஊர் தூங்க, தேசத்துக்காக விழித்திருந்தது நாங்கள் பன்னிரண்டு பேர்தான்.

அதிலும் நான் ஐக்கியத்தின் செயலாளர். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு, கேஸ், பள்ளிக்கூடம் எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். யார் வீட்டுச் சண்டையும் கடைசியில் என் சோபாவில் வந்துதான் அழும். எல்லோரையும் தேற்றித் தேற்றி உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. போதகரிடம் சொன்னேன். "கர்த்தரோட வேலையில களைப்பே தெரியாதும்மா" என்றார். பிறகு மனம் சோர்ந்தவர்களுக்காக பாலிகஞ்சில் ஒரு புத்துணர்வு முகாம் ஏற்பாடு செய்தார். அந்த முகாமில் அறுபது பேருக்குச் சாம்பார் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

முகாம் முடிந்த வாரம் கண்ணை மூடி முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இனி எனக்கு ஜெபமே வராதோ என்று பயமாக இருந்தது. ஆண்டவர் மேலும் ஆத்திரம், அவருடைய ஆட்கள் மேல் அதைவிட ஆத்திரம். மூன்றாவது வாரம் இரண்டு ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினேன். எழுந்து ரோஸ் அக்காவுக்குப் போன் அடித்து, "முடிச்சிட்டேன்க்கா, இனி நீங்க" என்றேன். இப்படியே நான்கு மாதம். செயலாளர் அம்மாளின் லட்சணம் இது.

ரோஸ் அக்காவை எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலிப்பூர் குவார்ட்டர்ஸ்காரி, பாளையங்கோட்டை வாய். என் இடியாப்பத்தைச் சபை நடுவில் வைத்து, "இத வச்சு மூட்டை கட்டலாம்" என்றவள். முழங்கால் வலி என்று ஆராதனை முழுக்க முனகிக்கொண்டே இருப்பாள். அவளிடமா அகப்பட வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல, "முடிச்சிட்டேன்க்கா" என்றேன்.

"ஏட்டி, யாருட்ட கத விடுத? தூங்கி எந்திச்ச குரல் எனக்குத் தெரியாதாக்கும்?"

போனில் தெரிந்துவிடும் போல, கலைந்த தலையை அவசரமாக ஒதுக்கினேன்.

"நாலு மாசமா உன் நேரத்துக்கும் சேத்து ரெண்டு மணிக்கே நான்தான் உக்காருதேன். சங்கிலி அறுந்துரக் கூடாதுல்லா" என்றாள்.

நன்றியா வந்தது? எரிச்சல்தான் வந்தது. "உங்கள யாரு உக்காரச் சொன்னா?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அலாரமும் வைக்கவில்லை, போனும் அடிக்கவில்லை. மூன்று மணிக்கு அவளே அடித்தாள்.

"தூங்குனியாட்டி?"

"தூங்குனேன்." முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன்.

"சரி." வைத்துவிட்டாள்.

வாரா வாரம் இவ்வளவுதான் பேச்சு. புத்தி சொல்லவில்லை, எனக்காகப் போனிலேயே ஜெபிக்கிறேன் என்று கிளம்பவும் இல்லை. நானும் பிடிவாதமாகத் தூங்கினேன். துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டத் தெருவில் மூங்கில் வந்து இறங்கிய சமயம், ஒரு வெள்ளிக்கிழமை இரண்டரைக்கே விழிப்பு வந்துவிட்டது. புரண்டு பார்த்தேன், தூக்கம் இல்லை. அக்கா இந்நேரம் அங்கே முழங்காலில் நிற்பாளே என்று தோன்றியது. "ஆண்டவரே, அந்தப் பொம்பளைக்கு முட்டி வலிக்கும். எழுந்து நாற்காலியில உக்காரச் சொல்லும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது ஜெபம் என்று உறைத்தது. பொலபொலவென்று அழுதேன். அப்புறம் வாய் ஓயவில்லை. முகாம், சாம்பார், போதகர் என்று அத்தனை வசவையும் ஆண்டவர் முன்னால் கொட்டினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசானது!

மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"தூங்குனியாட்டி?"

"இல்லக்கா."

 "அப்போ என் நேரத்தையும் பாத்துக்கிடுதியா? நான் கொஞ்சம் தூங்கட்டுமா?" என்றாள்.

அன்று நான்கு மணி வரை நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கணவர் ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போனார்கள். போன வருடம் பாளையங்கோட்டையில் அவளை அடக்கம் பண்ணினார்கள். போன் அடிக்கும் வழக்கம் அதற்கு முன்பே போய்விட்டது. ஆளாளுக்கு டிக் போட்டுக்கொள்கிறோம்.

எறிந்த போனை எடுத்து இன்று மூன்று மணிக்கு அந்தப் பெண்ணை அழைத்தேன். தூங்கினாயா என்று கேட்கத்தான். எடுக்கவில்லை. "ஆன்ட்டி, எனி ப்ராப்ளம்?" என்று செய்தி வந்தது. போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் இப்போது நினைக்கிறார்கள். "ஒன்றுமில்லை, தூங்கு" என்று பதில் போட்டேன்.

இரண்டு மணியிலிருந்து அவளுக்காக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. நான் கொஞ்சம் தூங்கட்டுமா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.