திரையில் இரண்டு லெட்சுமி

மலேசியாவில் ஜெராம் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் தாதி. நோயாளிகளின் விவரம் காட்டும் புதிய கணினித் திரையைச் சோதிக்க, அதை விற்ற கம்பெனியிலிருந்து கவிதா வந்தாள். எங்கள் தோட்டக் குடியிருப்பில் அடுத்த வீட்டில் வளர்ந்தவள்.

"அக்கா, சோதிக்கிறது ஸ்கிரீனத்தான், உங்கள இல்ல. மனசுல படுறத பேசிக்கிட்டே செய்யுங்க லா," என்று வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

லெட்சுமி என்ற நோயாளியைத் தேடச் சொன்னாள். திரையில் இரண்டு லெட்சுமி. இடம் போதாமல், அப்பா பெயர் வரும் முன்பே எழுத்து நின்றுவிட்டது. ஒன்றைத் தொட்டேன், வேறு ஆளின் மருந்துகள் வந்தன.

"அப்பா பேரு தெரியலியே, கவிதா. இங்க பாதிப் பேருக்கு ஒரே பேரு. யாரு மருந்த யாருக்குக் குடுக்கிறது?"

"நல்ல பாயிண்ட், அக்கா."

அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டர் முன்னால் அந்த வீடியோவைப் போட்டாள். என் விரல் தவறான பெயரைத் தொட்டது. நான் பேசியது மட்டும் அதில் இல்லை.

"ஸ்டாஃபுக்கு இன்னும் டிரெய்னிங் வேணும், டாக்டர்," என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

இன்றும் அந்தத் திரையில் அப்பா பெயர் தெரிவதில்லை. ஒவ்வொருவரிடமும் நானே வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன். திரை மேல் எனக்குக் கோபமே இல்லை. அது என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.