கயிற்றுக்குள் ஒரு எஞ்சின்

எங்கள் ஊர்ப் பாலிடெக்னிக்குக்குக் கம்பெனிக்காரர்கள் புதிய படகு எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார்கள். தொழிற்சாலையும் கல்லூரியும் கைகோத்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று திறப்பு விழாவில் ஏழு பேர் பேசினார்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எண்ணாமல் இருக்க முடியாது. ஏழு பேருக்கும் சால்வை. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. என் மகள் வயிற்றுப் பேத்தியோடு பதினெட்டுப் பிள்ளைகள் அதில் பழக வேண்டும், பிறகு கம்பெனியே தேர்வு வைத்து வேலைக்கு எடுக்கும் என்பது பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. புது எஞ்சினுக்குக் குறை வைக்கக் கூடாதென்று பிள்ளைகள் மூலை முடுக்கெல்லாம் சந்தனம் பூசினார்கள். சென்சார் வயரைக் கழற்றி அந்தத் துளையையும் விடவில்லை. எஞ்சின் கிளம்ப மறுத்தது. கம்பெனி அதிகாரி வந்து துடைத்து ஓடவைத்தார். கால்மணி நேர வேலை. பிறகு சுற்றிலும் கயிறு கட்டி, "இனிமே யாரும் தொடக்கூடாது, வாரண்டி போயிடும்" என்றார். சந்தனம் வாங்கிக் கொடுத்த முதல்வரே தலையாட்டினார்.

முதல்வரிடம் சண்டைக்குப் போனேன்.

"தொடாம எப்படிய்யா படிக்கும்?"

"பாத்துப் படிக்கட்டும் சார். வீடியோ போடுறோம்ல."

"நீச்சலையும் வீடியோவுல படிச்சுட்டுப் பாம்பன் பாலத்துல இருந்து குதிப்பீகளா?"

முதல்வர் டீ சொன்னார். நான் குடிக்கவில்லை.

தேர்வன்று அதே அதிகாரி கயிற்றை அவிழ்த்து, எரிபொருள் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டச் சொன்னார். பிள்ளைகள் விழித்தார்கள். என் பேத்தி நட்டைத் தப்பான பக்கம் திருகி மழுக்கிவிட்டாள். ஒருவரையும் எடுக்கவில்லை.

வாசலில் நின்ற என்னிடம் அதிகாரி, "உங்க ஏரியா பசங்களுக்கு பிராக்டிகல் சுத்தமா இல்ல சார்" என்றார்.

"கயித்தக் கட்டுனது எவன்யா?"

"தாத்தா, போதும். வாங்க" என்று பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே மண்டபம் ஊரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் போய் நின்றாள். சம்பளம் கிடையாது.

"அங்கன எல்லாம் பழைய எஞ்சினாத்தான இருக்கும்த்தா?"

"கயிறு கட்டல தாத்தா."

சாயங்காலம் வந்தவளைக் கையை நீட்டச் சொன்னேன். பத்து நகத்திலும் கறுப்பு.

கல்லூரி வாசலில் இந்த வருடச் சேர்க்கைக்குப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் அந்த எஞ்சின் படம் இருக்கிறது. கயிறு இல்லை.