ஆடித் தபசு அன்று அடித்த மருந்து

எலுமிச்சைக்கு மருந்து அடிப்பதில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விதி ரொம்பக் கறார். பூத்திருக்கும் மரத்தில் வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். அதற்குள் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பியிருக்கும். இதை எத்தனை விவசாயிகளுக்குத் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்! தேனீ வளர்ப்பவரிடம் சொல்லாமல் அடித்தவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

சங்கரன்கோவிலுக்கு மேற்கே நாங்கள் சோதனை நடத்திய தோட்டம் கடையநல்லூர்க்கார அண்ணாச்சி ஒருவருடையது. வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்து எலுமிச்சை போட்டவர். மரங்களுக்கு நடுவே ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். மருந்து அடிக்கும் நாளில் காலையிலேயே நான் அவருக்கு போன் செய்துவிடுவேன். சாயங்காலம் அவர் வந்து பெட்டி வாசல்களை ஈரச் சாக்கால் மூடுவார், மறுநாள் திறந்துவிடுவார். மூன்று வருடம் இந்த ஏற்பாடு பிசகியதே இல்லை.

போன வருடம் சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழா அன்று மருந்து முறை வந்தது. துளிர் இலையைக் குடைந்து வெள்ளைக் கோடு போடும் புழுவுக்கான மருந்து. ஒரு நாள் தள்ளினாலும் சோதனை கெட்டுவிடும். சாயங்காலம் அடித்தால், தவமிருக்கும் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் தபசுக் காட்சி எனக்குக் கிடையாது. கூட்டத்தில் ஊருக்குள்ளேயே நுழைய முடியாது. அண்ணாச்சியோ சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போயிருந்தார். போன் செய்திருந்தால், "சாயங்காலம் வாரேம்மா, பொறு" என்றிருப்பார். அதனால்தான் செய்யவில்லை.

முந்தின நாள் முழுக்கப் பேய்க்காற்று. அன்று காலை அடங்கியிருந்தது. மருந்து அடிக்கத் தோதான காலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேனீக்கும் அது தோதான காலைதான். பூக்களில் அவை மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஒன்பது மணிக்கு ஆளை வைத்து அடித்தேன். குறிப்பேட்டில் 'மாலை ஐந்தரை' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் சனங்கள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அம்மனுக்குக் காணிக்கையாக வீசிச் சூறை விட்டார்கள். நானும் அந்தத் தோட்டத்து எலுமிச்சை இரண்டை வீசினேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி போன் செய்து கூப்பிட்டார். போனேன். ஆறு பெட்டிகளுக்கு முன்னாலும் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. சில மட்டும் மல்லாந்தபடி சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து அவற்றை ஒரு அட்டையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"காத்துல வெளிய போவ முடியாம கெடக்குதேன்னு முந்தாநாள் சீனித் தண்ணி வச்சேம்மா. பழைய தண்ணி. புளிச்சிருந்துருக்கும் போல. நானே கொன்னுட்டேன்."

போன் வராததால் மருந்து அடித்திருப்பேன் என்றே அவர் நினைக்கவில்லை.

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தேனீ வளர்ப்பதையே விட்டுவிட்டார். காலிப் பெட்டிகளைப் பம்பு செட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பருவத்தில் தோட்டத்தில் காய்ப்பும் குறைந்தது. தேனீ வரத்து குறைவு, காரணம் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை அந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்டு. அதைவிட, அந்த மனுஷன் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்.

போன மாதம் விவசாயிகள் கூட்டம் நடத்தினோம். தேனீ வளர்ப்பு பற்றிப் பேச எங்கள் அதிகாரி அண்ணாச்சியையே கூப்பிட்டிருந்தார்.

"புளிச்ச சீனித் தண்ணிய மட்டும் வச்சிராதீய" என்றார் அவர். "ஆறு பெட்டியையும் நான் அப்படித்தான் தொலைச்சேன்."

முன்வரிசைக்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது.

"புளிச்சத வைக்கக் கூடாதுதான்" என்றேன். அது பொய்யும் இல்லை.

அதற்கு மேல் நான் அவரைக் குறை சொல்லாமல் விட்டதில் அண்ணாச்சிக்கு முகமெல்லாம் நிம்மதி.

"மருந்தால சாவுமேன்னு யாரும் பயப்படாண்டாம்" என்றார். "இந்தப் பிள்ள மாதிரி அடிக்கதுக்கு முன்னால போன் போட்டுச் சொல்லுத ஆளு இருந்தா போதும். ஒரு தடவ கூடச் சொல்லாம அடிச்சதில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.