அப்பாவின் காதும் ஒரு பவர் பேங்கும்

என் அப்பா காலை ஏழு மணிக்குக் காதைத் திறந்து எட்டு மணிக்கு மூடிவிடுவார். காது என்று நான் சொல்வது அவர் சட்டைப் பையில் இருக்கும் சின்னப் பெட்டியை, காது கேட்க உதவும் மெஷினை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து ஓர் ஒயர் வலக்காதுக்குப் போகும். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரே ஒரு பேட்டரி. ஏழிலிருந்து எட்டுவரை ரேடியோவில் செய்தி, பழைய பாட்டு. பிறகு, "பேட்டரி எதுக்கு வீணாப் போகணும்" என்று சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்துவிடுவார். மீதி நாள் முழுக்க அம்மா அவரிடம் கையால்தான் பேச வேண்டும்.

தீர்ந்துபோன பேட்டரிகளைச் சன்னல் கம்பியோரம் வரிசையாக வெயிலில் வைப்பார். சிம்பாங் ரெங்கம் பக்கம் தோட்ட வேலையில் இருந்தபோது லய வீட்டின் தகரக் கூரைமேல் வைத்த பழக்கம். "வெயிலுக்கெல்லாம் ஏறாதுப்பா" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஏறுது. நேத்து பத்து நிமிஷம் கேட்டுச்சு" என்பார்.

தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் மெஷினில் இருபது வருஷம் நின்றவர். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். அவர் போட்டுக்கொள்ளவில்லை. மெஷின் சத்தம் மாறினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும், அடைத்துக்கொண்டால் எப்படித் தெரியும் என்பது அவர் கணக்கு. அது சரியாகவே வந்தது. பத்து விரலும் இருக்கின்றன. காதுதான் போயிற்று. பிறகு ஆட்குறைப்பில் வேலையும் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். நான் போலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா வாங்கினேன். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை.

அப்பாவை ஜாகா வேலை ஒன்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். கெலாங் பாத்தாவில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் காவல். வேறு எதுவும் தெரிய வேண்டாம், வாக்கி டாக்கியில் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். அந்த வயதில், அந்த உடம்புக்கு, இனி வேறு வேலை வராது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். பன்னிரண்டு மணி நேரக் காவலில் ஒரு மணி நேரக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் அந்தப் பெட்டியை யூஎஸ்பியில் ஓட வைக்க முடிவெடுத்தேன்.

யூஎஸ்பி ஒயரில் வருவது ஐந்து வோல்ட். பெட்டிக்கு வேண்டியது ஒன்றரை. நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். உடைந்த துடைப்பக் கட்டையிலிருந்து பேட்டரி நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, இரு முனையிலும் திருகாணி வைத்து, ஒயரை அதில் பற்றவைத்தேன். பேட்டரி இருக்கும் குழியில் இந்தப் பொய் பேட்டரி உட்காரும். பெட்டியில் எதையும் வெட்ட வேண்டாம். எந்த நேரமும் கட்டையை உருவிவிட்டு நிஜப் பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம். வோல்ட்டைக் குறைக்கும் சிப்புகளில் ஒரு வகை காதில் விசில் அடிக்கும். அதை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சூடாகக் கழிக்கும் அமைதியான வகையை வாங்கினேன். சிவப்பு ஒயரில் ஒரு சின்ன ஃபியூஸ். பெட்டியில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒன்றரை வருகிறதா என்று பார்த்தேன். பிளஸ், மைனஸை இரண்டு முறை பார்த்தேன். உடம்பில் அணியும் பொருளைச் சுவர் பிளக்கில் சேர்க்கக் கூடாது. ஆகவே பவர் பேங்க். முதலில் என் காதில் மாட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காதை மூடவே இல்லை. என் பவர் பேங்கில் இரண்டு துளை. ஒன்றில் என் கைப்பேசி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது, மற்றதில் அப்பா. அடுப்படியில் அம்மா முணுமுணுத்தது கூடத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

"இத்தன வருஷம் திட்டினது ஒண்ணும் கேக்கல, இப்ப மூச்சு விட்டாக்கூட கேக்குது" என்றார் அம்மா.

"திட்டினியா? நீ பாடுறன்னுல்ல நினைச்சேன்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். தெப்ராவில் கடைவீட்டு மாடியில் அந்தக் காவல் கம்பெனியின் அலுவலகம். போகும் வழியிலேயே சொல்லிவிட்டேன். "நான் பேச மாட்டேன்ப்பா. நீங்களே பேசுங்க. மக கையப் பிடிச்சுட்டு வந்தாருன்னு யாரும் சொல்லக் கூடாது." அவர் தலையாட்டினார். அலுவலக வாசலில், பவர் பேங்கில் மாட்டியிருந்த என் கைப்பேசியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, பவர் பேங்கை அவர் சட்டைப் பையில் வைத்தேன். வெள்ளைத் துணி வழியே நான்கு நீல விளக்குகள் தெரிந்தன.

சூப்பர்வைசர் நம் ஆள்தான், தமிழர். நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"காதுல என்னண்ணே, பாட்டா?"

"இல்ல பாஸ், காது மெஷினு. என் பொண்ணு கரண்ட் குடுத்து செஞ்சது. அதோ, டிப்ளோமா."

"அலமாக்! பொண்ணு எஞ்சினியரு, நீங்க எதுக்கு ஜாகாவுக்கு வரீங்க?"

அப்பா சிரித்தார். கேட்டுத்தான் சிரித்தார். அப்போது சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் அப்பாவின் பையில் நீல விளக்குகள் அணைந்தன.

"முன்ன செஞ்ச இடத்துல சண்ட போட்டு வேலைய விட்டு நின்னீங்களாண்ணே?"

"ஆமா பாஸ்."

"ஓ. நைட் ஷிஃப்ட்ல தூங்குவீங்களா?"

"ஆமா பாஸ்."

"உண்மையைச் சொல்ற ஜாகாவ இப்பதான் பாக்குறேன் லா" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா கைகளை முன்னால் கோத்துத் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது தொரைமுன் நின்ற நிற்பு. கேட்டாலும் ஆமாம், கேட்காவிட்டாலும் ஆமாம். இல்லை என்ற சொல் அந்த நிற்பில் வராது.

நான் எழுந்திருக்கலாம். பேச மாட்டேன் என்று சொன்னதால் எழவில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுந்தால், நான் செய்தது செத்துவிட்டது என்று அந்த அறையில் சொல்ல வேண்டியிருக்கும்.

சூப்பர்வைசர் ஒரு வாக்கி டாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். "அண்ணே, கேக்குதா?" என்றது மேசை. அப்பா சுவர்க் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே?" என்றது மறுபடி. திரும்பி வந்த சூப்பர்வைசர் இந்த முறை சிரிக்கவில்லை.

"நாங்க கூப்பிடுறோம்ணே."

"ஆமா பாஸ்."

படியில் இறங்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பவர் பேங்க் போன்களுக்காகச் செய்தது. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், யாரும் மாட்டியிருக்கவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அப்பாவின் பெட்டி இழுப்பது பத்து மில்லி ஆம்பியர்கூட இல்லை. நான் சோதித்தபோதும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அதை விழித்திருக்க வைத்தது மற்ற துளையில் இருந்த என் கைப்பேசி. ஃபியூஸ்வரை யோசித்த எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் துணி துவைக்கும்போது அப்பாவின் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரியை அம்மா எடுத்தார். புத்தம் புதியது. "நான்தான் குடுத்து விட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு" என்றார்.

அதைக் கொண்டுபோய் அப்பாவின் பெட்டியில் போட்டு, சுவிட்சை மேலே போட்டுவிட்டுக் கேட்டேன். "இது பையில இருந்துச்சு. கட்டையை உருவிட்டு இதப் போட்டிருந்தா கேட்டிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்ப்பா?"

"என் பொண்ணு செஞ்சதுன்னு சொல்லிட்டேனேம்மா. சொன்ன வாய் மூடல. அதுக்குள்ள அதக் கழட்டிட்டு கடை பேட்டரியப் போட்டா, அவரு உன்னைய என்னன்னு நினைப்பாரு?"

அவர்கள் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த வாசலில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து ஃபிளாட்காரர் சொன்னார்.

நான் பெட்டியைச் சரிசெய்துவிட்டேன். ஒயருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். வேண்டுமென்றே கொஞ்சம் மின்சாரத்தை வீணாக்கி, பவர் பேங்கைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். லேசாகச் சூடாகும், ஆபத்தில்லை. காலையிலிருந்து மாலைவரை அணைவதில்லை. நானே சோதித்தேன், இந்த முறை என் கைப்பேசி இல்லாமல்.

அப்பா அதைத் தினமும் மாட்டிக்கொள்கிறார். சன்னலோரம் இப்போது பேட்டரிகள் இல்லை. மாலையில் நான் வேலை முடிந்து வரும்போது கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் நான்கு நீல விளக்குகளும் எரியும். பெட்டியின் சுவிட்ச் மட்டும் கீழே தள்ளி அணைத்திருக்கும். ரேடியோவும் இப்போதெல்லாம் போடுவதில்லை.

"கேக்குதாப்பா?" என்கிறேன்.

என் வாயைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்கிறார்.