சிவப்பு நூல் கட்டிய அட்டைகள்

ரமாபாயை ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடித்ததில்லை. திருவொற்றியூரில் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் நான் கம்பவுண்டர். பத்தொன்பது வருஷம் அவள் வாயில் விழுந்து எழுந்தவன். ஒரு சீட்டில் தேதி விட்டுப்போனால் போதும், "இன்னா ஜாபரு, கண்ணு பின்னாடி கீதா?" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி மானத்தை வாங்குவாள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து காலை ஏழுக்கெல்லாம் வந்துவிடுவாள். ரெக்கார்டு ரூம் வேலை. டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய எண்ணைப் பார்த்து நோயாளியின் அட்டையில் ஏற்ற வேண்டும். இளைப்பு என்றால் 493. எண்ணூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் என்பதால் எனக்கே மனப்பாடம்.

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது அட்டை போடுவது புதன்கிழமை காலையில் மட்டும்தான். அது மீன் விற்கிற நேரம். யார் வந்து வரிசையில் நிற்பார்கள்? அதனால் ஒரு வீட்டுப் பெண்களெல்லாம் ஒரே அட்டையில் வருவார்கள். கோவிந்தம்மா என்று கூப்பிட்டால் அவள் ஓரகத்தி கெங்கம்மா கூசாமல் எழுந்து வருவாள். ரமாபாய் வாய் ஓயும்வரை திட்டுவாள், ஆனால் எந்த அட்டையில் யார் ஒளிந்து வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிவப்பு நூல் கட்டுவாள். அட்டையில் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டை. அட்டைக்காரிக்கே ஆகாது என்றால் மேல் ஓட்டையில், ஒளிந்து வருகிறவளுக்கு ஆகாது என்றால் கீழ் ஓட்டையில். இது எந்த விதியிலும் இல்லை. அவளும் நானும் நர்சுகளும் அறிந்த விஷயம், அவ்வளவுதான்.

2001-இல் கம்ப்யூட்டர் வந்தது. நோய் எண்களும் மாறின. 493 போய் J45 ஆயிற்று. நிர்வாக அதிகாரி ராசையா கூட்டம் போட்டு, திங்கட்கிழமை முதல் எல்லாம் கம்ப்யூட்டர், அட்டைகள் பழைய பேப்பர் கடைக்கு என்றார். ஆஸ்பத்திரிக்குள் நடந்தால் நோயாளிகள் மேல் இடித்துக்கொண்டு போகிற ஆள் அவர்.

ரமாபாய் ஒரு தாளை நீட்டினாள். மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓட வேண்டும். நூல் கட்டிய அட்டைகளை முதலில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் நின்றால் எந்தச் சீட்டில் யார் எழுதுவது என்று பெயரோடு போட்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல நூல் கட்ட எடம் கீதா சார்?" என்று கேட்டாள்.

"ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, பூக்கடையா?" என்று ராசையா தாளை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளை டோக்கன் ஜன்னலுக்கு மாற்றினார்கள். சனிக்கிழமையே நூல் கட்டிய நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் இரண்டு கோணியில் கட்டி, ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது வாரம், காலில் சீழ் வைத்து, ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருத்தியை மாமியார் தூக்கிவந்தாள். அட்டை நம்பர் கொடுத்தாள். கம்ப்யூட்டர் கோவிந்தம்மா என்றது. போன வாரம்தான் பென்சிலின் போட்டிருக்கிறது, தொந்தரவில்லை என்றும் காட்டியது. டாக்டரம்மா டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நூலைப் பார்த்தே பழகியவன் நான், முகத்தைப் பார்த்ததில்லை. மருந்தை ஏற்றி, ஊசியை அவள் இடுப்புக்குக் கொண்டுபோய்விட்டேன். அப்போது என் மணிக்கட்டை ஒரு கை இரும்பாகப் பிடித்தது.

"இவ கெங்கம்மா," என்றாள் ரமாபாய். டோக்கன் ஜன்னலிலிருந்து ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. "போட்டா செத்துருவா."

மாமியார் சத்தியம் செய்தாள். "எம் மூத்த மருமக கோவிந்தம்மாதான்மா இது. பொய் சொல்றா." நம்பர் பொய்யானால் வைத்தியம் கிடைக்காது என்ற பயம் அவளுக்கு.

டாக்டரம்மா எரிச்சலோடு, "கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டார்.

ராசையா வாசலில் வந்து நின்றிருந்தார். ரமாபாய் அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கீது. எங்க வூட்ல கீது. கீழ் ஓட்டைல நூலு."

மாமியார் அழ ஆரம்பித்தாள். மருந்தை மாற்றினோம். கெங்கம்மா எட்டாம் நாள் நடந்து போனாள்.

மறுநாள் ரமாபாயைக் கோணிகளோடு வரச்சொன்னார்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டைத் திருடியதாகக் கடிதம் தயாராக இருந்தது. அவள் அழவில்லை. அட்டைகளை மேஜையில் கொட்டினாள்.

"ஒவ்வொண்ணையும் படிச்சு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ," என்றாள். அதுவரை ராசையாவை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு இதுல யாருனா செத்தா நீதான் பதில் சொல்லணும்."

ராசையா ஓர் அட்டையைக்கூடத் தொடவில்லை. அந்தக் கடிதத்தின் அடியிலேயே, பெற்றுக்கொண்டது 'பழைய காகிதம், இரண்டு மூட்டை' என்று எழுதிக்கொண்டார். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு ஓய்வு பெற ஆறு வருஷம் இருந்தது. வீட்டில் மகள் கௌசருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் காரணமா? கேவலம். அவள் திருடினாள் என்பதற்குச் சாட்சியாக, அவள் பிடித்து நிறுத்திய அதே கையால் கையெழுத்துப் போட்டேன்.

ரமாபாய் காலிக் கோணிகளை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பேனாவை மூடிக்கொண்டிருந்த என்னைக் கடந்து போகும்போது நின்றாள்.

"தேதி போடல பாரு, ஜாபரு," என்றாள்.